பூச்சியமாக்கிய பிறகு

2009 வைகாசி. வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் உறைகுளிரில் கிடந்த கியூபிட் சில்லை, அதாவது அளந்தால் பூச்சியமோ ஒன்றோ காட்டும் குவாண்டம் கணினித் துண்டை, மட்டக்களப்பிலிருந்து இணையம் வழியே அளப்பது வதனியின் வேலை. பூச்சியமாக்கி உடனே அளந்தால் பூச்சியமே வரவேண்டும். தினமும் ஆயிரம் தடவை அளந்தாள். தினமும் சரியாக முப்பத்தேழு தடவை ஒன்று வந்தது.

வாகரையில் அவளுடைய ஒழுங்கையிலிருந்து, அந்தக் குறுந்தெருவிலிருந்து, சுனாமி கொண்டுபோனதும் முப்பத்தேழு பேரைத்தான்.

"வெறும் கருவி இரைச்சல். அழிச்சுப்போட்டு பூச்சியமெண்டு எழுது," என்றார் பேராசிரியர் யூஸ்டஸ்.

"அது எங்கட ஆக்கள், சேர்."

"செத்ததுகளுக்கு இஞ்ச இடமில்ல." அவரே அழித்தார்.

வதனி மறுபடியும் அளந்தாள். முப்பத்தெட்டு.

யூஸ்டஸ் வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். "வாறன்," என்றார்.

'போய்த்து வாங்க' என்று அவள் சொல்லவில்லை.