ஃபோல்டர் இருக்கிறது

"கதவு இருந்தா, உள்ள வீடு இருக்குன்னு அர்த்தமா அண்ணி?"

ஸ்கேன் படங்களைப் பத்திரப்படுத்த அவள் எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டைப் பார்த்து, மூன்று மாதத்துக்கு முன் கொழுந்தன் இப்படிக் கேட்டபோது சிரித்துவிட்டாள். எக்ஸ்ரே எடுக்கிறவனுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவதைப் பற்றி என்ன தெரியும்?

இன்று சிரிப்பு வரவில்லை. ஸ்கேன் சென்டரின் பேக்கப் டிஸ்க், துணியில் சுற்றி அவனுடைய மேஜை டிராயருக்குள் கிடந்தது. கம்ப்யூட்டரில் தன் போன் சார்ஜ் ஆகிற வயரைப் பிடுங்கிவிட்டு, அந்தத் துளையில் டிஸ்கை மாட்டினாள். பேக்கப் ஃபோல்டர் துடைத்து வைத்த தட்டுபோல் காலியாக இருந்தது.

"தரையில கிடந்துச்சு அண்ணி. யாராவது மிதிச்சிடுவாங்கன்னு எடுத்து வச்சேன்."

"பாவம், அதுவா நடந்து போய் உன் டிராயர்ல படுத்துக்கிச்சாக்கும்!"

சென்டரை நடத்தும் டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உங்க கொழுந்தனாச்சேன்னுதான் இந்த வேலையக் குடுத்தேன். நாளைக்கு ஒருத்தருக்கு நெஞ்சுல ஆபரேஷன். போன மாசப் படம் இல்லாம சர்ஜன் கத்தியத் தொடமாட்டேங்கறார். சாயங்காலத்துக்குள்ள படம் வரலைன்னா, இவர் நாளையிலருந்து வரவேண்டாம்."

"என் ஸ்கிரிப்ட்ல தப்பே இல்லை டாக்டர்," என்றாள் அவள் அவசரமாக. "தினம் ஆறு மணிக்கு பேக்கப் ஃபோல்டர் இருக்கான்னு பார்க்கும். இருந்தா அன்னிக்கு எடுத்த படத்தையெல்லாம் அதுல போட்டுட்டு, பழைய இடத்துல அழிச்சிடும். ஒருநாள் விடாம 'ஃபோல்டர் இருக்கிறது'ன்னு பதிவாகியிருக்கு பாருங்க. அப்புறமாத்தான் யாரோ கைவச்சிருக்காங்க."

'யாரோ' என்றபோது அவள் கண் கொழுந்தனைவிட்டு அகலவில்லை.

திரையில் 'இடம் போதவில்லை' என்று கம்ப்யூட்டர் முணுமுணுத்தது. ஒரு வாரமாக இதே புலம்பல். பார்க்காமலே அந்தச் செய்தியை மூடினாள்.

"வீட்டுல உங்கண்ணன் முகத்துல எப்படி முழிப்பே? சொல்லு, எதுக்கு அழிச்சே?"

அவன் குனிந்து டிஸ்கைக் கழற்றினான். அதை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அதே பேக்கப் ஃபோல்டரை மறுபடி திறந்தான்.

மூன்று மாதப் படங்களும் தேதிவாரியாக வந்து நின்றன. டிஸ்க் மாட்டாதபோதும் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் கம்ப்யூட்டரில் இருந்ததால், இத்தனை நாளும் அவை அதன் வயிற்றுக்குள்ளேயே சேர்ந்திருக்கின்றன. காலி டிஸ்கை மாட்டியபோது, அது பாத்திரத்தின்மேல் தட்டைக் கவிழ்த்ததுபோல் அவற்றை மறைத்திருக்கிறது.

"அதோ, போன மாசப் படம்!" டாக்டரம்மா எழுந்தேவிட்டார்.

அவன் ஸ்கிரிப்டை ஒருமுறை ஓட்டிக் காட்டினான். டிஸ்க் அவள் கையில் கனத்தது. திரை கூசாமல் எழுதியது: 'ஃபோல்டர் இருக்கிறது.'

பிறகு அவளுடைய போன் வயரை எடுத்து, மூன்று மாதமாக அது இருந்த துளையிலேயே திரும்பச் செருகிவிட்டு வெளியே போனான்.