ஓடைக்குக் குறுக்கே சேலைகள்

ஜெபசிங் விடுமுறை நாட்களில் மலைப்பாதைகளை நடந்து பதிவுசெய்து, எல்லோரும் போனில் பார்க்கும் வரைபடத்தில் சம்பளமில்லாமல் சேர்த்துவந்தான். எஸ்டேட் ஓடையை ஒட்டிய பாதையைச் சேர்த்த அன்று அங்கே யாரும் இல்லை. இந்த முறை நண்பன் அனிஷோடு போனபோது, ஓடைக்குக் குறுக்கே பழைய சேலைகளை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் பேச்சும் தண்ணீர் ஊற்றும் சத்தமும் சட்டென்று நின்றன. ஈரத்தலையோடு ஒரு பெண் வெளியே வந்தாள்.

“நீங்களும் போனப் பாத்துதான் வந்தீங்களா?”

“போன்ல இந்த வழியப் போட்டதே இவன்தான், அக்கா,” என்றான் அனிஷ் பெருமையாக.

அவள் ஜெபசிங்கையே பார்த்தாள்.

“வேலை விட்டு வந்து குளிக்க எங்களுக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு, தம்பி.”

“இப்பவே அழிச்சிடுறேன், அக்கா.”

“அது பொறவு. மொதல்ல அங்கிட்டுத் திரும்புங்க. பொம்பளைங்க உடுத்திட்டுப் போகட்டும்.”

இருவரும் பாறையைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். முதுகுக்குப் பின்னால் ஈரக்காலடிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

“போயிட்டாங்கடா,” என்றான் அனிஷ்.

ஜெபசிங் திரும்பவில்லை.