தூக்கம் வரும் நாற்காலி

உச்சிவெயிலில் துறைமுகத்துச் சரக்கு யார்டு கொதிக்கிறது. கண்டெய்னர் கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டுகிறார் மருந்துக்காரர். மரச்சாமான் கப்பலேறுமுன் பூச்சி சாக உள்ளே விஷவாயு விட்டாக வேண்டும். குடைக்குள் நின்று பார்க்கிறாள் ஜெப்ஸி. அவள் வரைந்த சாய்வு நாற்காலிகள் முதன்முதலாகக் கடல் தாண்டப் போகின்றன. தேக்கை வளைத்துத் தோல் பொதிந்து அவற்றைச் செய்தவர் மகாராஜன் ஆசாரி. வேலை முடிந்த மரத்தின் பக்கம் செருப்புக்காலோடு போகமாட்டார். சோதனை பார்க்கிறேன் என்று பட்டறையில் உட்காருவார், உடனே குறட்டைதான். “இதுல சாஞ்சா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டேன், பாப்பா” என்று சிரிப்பார். “ஆசாரி அண்ணாச்சியை எங்க காணோம்?” என்று கேட்கிறாள். “கட்டு இறுக்கமா இருக்கான்னு பாக்க உள்ள ஏறுனாவ. இறங்கி டீ குடிக்கப் போயிருப்பாவ” என்கிறார் மருந்துக்காரர், திரும்பாமலே. குழாயை மாட்டி, சிலிண்டரைத் திருகுகிறார். பாம்பு சீறுவது போல ஒரு சத்தம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. டீக்கடை பெஞ்சு காலியாகத் தெரிகிறது. நிலக்கரித் தூசியை அள்ளிக்கொண்டு கடற்காற்று வருகிறது; கதவடியில் கிடந்த அட்டைப்பெட்டியைப் புரட்டித் தள்ளுகிறது. அதனடியில், கதவைப் பார்த்தபடி, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.