ஊசிப்பந்து

லிங்கதுரை அடிக்கும்போது முதலில் மனைவியின் கொண்டையைத்தான் பிடிப்பான். சுவரில் நாலு மோது மோதிவிட்டு அவன் வெளியே போனதும், தரையில் கிடக்கும் முடியைப் பொன்னுத்தாய் பொறுக்கியெடுத்து, ஊசிகளைக் குத்திவைக்கும் துணிப்பந்துக்குள் திணித்துத் தைத்துவிடுவாள். உப்புக்காற்று வீசும் ஊரில் ஊசி ஒரே வாரத்தில் துருவேறிவிடும். எண்ணெய் ஊறிய முடிக்குள் இறங்கிய ஊசியைத் துரு அண்டாது. "ஒங்க ஊசி மட்டும் எப்படிக்கா இப்படி மின்னுது?" என்று ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவள் கேட்டபோது, "எங்க வீட்டுக்காரரு தயவு" என்றாள். பந்து தேங்காய் அளவுக்குப் பெருத்திருந்தது.

போன மாதம் பொன்னுத்தாய் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கைக்குப் பிடி கிடைக்காத ஆத்திரத்தில் லிங்கதுரை பந்தைத் தூக்கி அடுப்பில் எறிந்தான். முடி கருகும் நாற்றம் வீட்டை நிறைத்தது. சாம்பலிலிருந்து அவள் பொறுக்கிய ஊசிகள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்தன. கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கை ஒன்று ஊசி இழுத்துக் கிழிந்தது.

சனிக்கிழமை, எண்ணெய்க் குளியலுக்கு லிங்கதுரை வழக்கம்போல அவள் முன்னால் மணைபோட்டு, தலை குனிந்து உட்கார்ந்தான். அவள் மடியில் வாய் தைக்காத புதுத் துணிப்பை ஒன்று கிடந்தது. கிண்ணம் காலியாகும்வரை தேய்த்தாள்.

"எதுக்குட்டி இவ்வளவு எண்ணெய்?"

"ஊசி துருப்பிடிச்சிரக் கூடாதுல்லா" என்றவள், அவன் உச்சிமுடியைக் கொத்தாக வாரி விரல்களை இறுக்கினாள். சுவர் ஒரு முழத் தூரத்தில் இருந்தது.