மேளத்துக்கு அடியில்

அபினவ் லேப்டாப்பை ஸ்பீக்கரோடு இணைத்தபோதுதான் வைஜயந்திக்கு விபரீதம் புரிந்தது.

வடக்கே ஓர் ஊரில், கேம்ப் பகுதியில் உள்ள ஒரு கல்லூரியில் அவள் இசை ரசனை வகுப்பு எடுக்கிறாள். பாடக் கற்றுத்தருவதில்லை. கேட்கக் கற்றுத்தருகிறாள்.

போன வாரம் ஒரு கல்யாணத்தின் ஒலிப்பதிவைக் கொடுத்திருந்தாள். தாலி கட்டும் நேரத்தில் வாசிப்பதற்குப் பெயர் கெட்டிமேளம். தவிலும் நாகஸ்வரமும் ஒரேயடியாக இடிக்கும். தும்மல், அழுகை, அபசகுனமான பேச்சு எதுவும் யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காக. சாஸ்திரிகள் கையை உயர்த்தினால் தொடங்கும்.

எதையும் கேட்கவிடாமல் செய்வதற்கென்றே ஒரு வாசிப்பு. மாணவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. அந்தச் சொல்லும் பிடித்துப்போயிற்று. கான்டீனில் யாராவது யாரையாவது திட்டினால் போதும், மற்றவர்கள் கெட்டிமேளம், கெட்டிமேளம் என்று மேஜையைத் தட்டினார்கள்.

யாருடைய கல்யாணம் என்று அவள் சொல்லவில்லை.

அவளுடையதுதான்.

இணையத்தில் கிடைத்ததெல்லாம் வெட்டி ஒட்டியவை. இது முழுசாக இருந்தது. படத்தை நீக்கிவிட்டு ஒலியை மட்டும் கொடுத்தாள். அதில் மேளத்தைத் தவிர என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தாள்.

அபினவ் மேளத்தை எடுத்துவிட்டிருந்தான்.

வாத்தியத்தைத் தனியாக, குரலைத் தனியாகப் பிரிக்க மென்பொருள் இருக்கிறதாம். மேளம் எதை மறைத்தது என்று தோண்டிப் பார்ப்பதுதான் அவனுடைய ப்ராஜெக்ட். குரல்கள் கிடைத்துவிட்டன, தமிழ் என்பதால் ஒன்றும் புரியவில்லை என்றான்.

“தீபா, சப்டைட்டில் போடு” என்றான் கேஷவ், பின்பெஞ்சிலிருந்து ஹிந்தியில். வகுப்பு சிரித்தது. தீபா கோர்படி ரயில்வே காலனிப் பெண். மாணவர்களில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அதுவும் தட்டுத்தடுமாறி.

நேரமாகிவிட்டது என்றாள் வைஜயந்தி. இன்னும் பாதி வகுப்பு பாக்கி என்று கடிகாரத்தைக் காட்டினார்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். இன்டர்னல் மார்க் இன்றைக்குப் போட்டாக வேண்டும் மேடம் என்று அபினவ் நினைவுபடுத்தினான்.

ஒருத்தன் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினான். ஒருத்தி ஜன்னலைச் சாத்தினாள். கேட்கும்போது இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவள் போட்ட விதி.

வயரைப் பிடுங்கியிருக்கலாம். கை எட்டும் தூரம்தான்.

பிடுங்கவில்லை.

அன்றைக்கு, அவர்கள் வீட்டு வழக்கப்படி, அப்பாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தபோது திரும்பி அப்பாவிடம் சொன்னாள். அவர் முகம் மாறவில்லை. மேளம் மண்டபத்தையே பிளந்துகொண்டிருந்தது. அவருக்குக் கேட்கவில்லை.

இப்படித்தான் அவளுக்கு ஞாபகம்.

அந்தக் கல்யாணம் முறிந்து வெகுகாலம் ஆகிறது. அதன் மிச்சமாக இடது முழங்கை இன்னும் முழுசாக நீளாது. அப்பா லக்ஷ்மிநாராயணன் இப்போது அவளோடுதான் இருக்கிறார். அவரைக் குளிப்பாட்டி விடுவது அவள்தான். இன்று கிளம்பும்போதும் தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து மூடி வைத்துவிட்டுத்தான் வந்தாள். மேளம் பலமாக இருந்தது, பாவம், அவருக்குக் கேட்கவில்லை. இதைச் சொல்லிக்கொண்டுதான் தினமும் அவருக்குச் சோறு பிசைகிறாள்.

கேட்டிருந்தால்? அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை.

அபினவ் ஓடவிட்டான்.

திரையில் இரண்டு கோடுகள் நகர்ந்தன. மேலே குரல். கீழே, அவன் ஊமையாக்கி வைத்திருந்த மேளம். அந்தக் கீழ்க்கோடு இப்போதைக்கு மெலிசாக இருந்தது. மேளம் நிதானமாக வாசித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சாஸ்திரிகளின் மந்திரம் வந்தது, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்தது.

பிறகு ஒரு பெண். மைக்குக்கு வெகு அருகில்.

“அப்பா, வேண்டாம்ப்பா. நிறுத்தச் சொல்லுங்கோ.”

வைஜயந்தி கீழ்க்கோட்டைப் பார்த்தாள். இந்நேரம் அது பொங்கியிருக்க வேண்டும்.

பொங்கவில்லை. மெலிசாகவே போய்க்கொண்டிருந்தது. மந்திரமும் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் மூச்சை இழுத்து விடுவதுகூடக் கேட்டது.

அப்புறம் ஒரு ஆண் குரல், அதே மைக்குக்கு அருகில்.

“கெட்டிமேளம், கெட்டிமேளம்.”

கீழ்க்கோடு திரையை அடைத்துக்கொண்டு எழுந்தது.

வகுப்புக்குக் கொண்டாட்டம். மொத்தப் பதிவிலும் அவர்களுக்குப் புரிந்த ஒரே சொல் அதுதான். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள்.

அபினவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். மந்திரம் பாதி வார்த்தையில் அறுந்துவிடுகிறது. மென்பொருள் தின்றுவிட்டதா? இல்லையென்றால், சாஸ்திரிகள் மந்திரத்தை முடிக்காமல் எதற்கு மேளத்தைக் கூப்பிட்டார்?

மென்பொருள் சரியாகத்தான் செய்திருக்கிறது என்றாள் வைஜயந்தி. கூப்பிட்டது சாஸ்திரிகள் இல்லை, பெண்ணின் அப்பா. சொல்லிவிட்டு அவனுக்கு முழு மார்க் போட்டாள்.

தீபா தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் என்னதான் சொல்கிறாள் என்று கேஷவ் அவளைக் குடைந்தான். போட்டோகிராபரைத் தள்ளி நிற்கச் சொல்கிறாள் என்று ஹிந்தியில் சொல்லி அவன் வாயை அடைத்தாள். பிறகு வைஜயந்தியைப் பார்த்து, தணிந்த குரலில், தமிழில் கேட்டாள்.

“அந்த அங்கிளுக்கு அது கேட்டுச்சா, மேடம்?”

“கேட்டிருக்கு” என்றாள் வைஜயந்தி.

அடுத்து யார் என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டாள்.