முதல் பெஞ்சுப் பேனா

"மாஸ்க்கைக் கழட்டிட்டுச் சொல்லுங்கம்மா."

மாஸ்டர் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. நர்ஸ் கழற்றவில்லை. பேசுகிறவர்களின் உதட்டையே வெறிக்கிற மனிதர். டியூட்டியில் போட்ட மாஸ்க்கோடேயே மாலை இங்கிலீஷ் வகுப்புக்கு வந்துவிடுவதுதான் பாதுகாப்பு என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

"வாக்ட்," என்றாள். நடந்தேன் என்று அர்த்தம்.

மாஸ்டரின் பார்வை முதல் பெஞ்சுக்குப் போனது. அங்கே மருந்துக்கடை அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் பேனா நிமிர்ந்து நின்றது.

"சரி. அடுத்தது, கழுவினேன்."

"வாஷெட்."

பேனா படுத்தது.

"தப்பு. தொண்டையில விரல் வைங்க. அதிரக் கூடாது. கடைசியில வெறும் 'ட்', அவ்வளவுதான்."

பக்கத்தில் இருந்த தையல்காரி நர்ஸின் காதைக் கடித்தாள்.

"பாத்தியா? பேனா நின்னா பாஸ், படுத்தா ஃபெயில். மார்க் போடறது அவரா, அவளா?"

"மெதுவாடி. கேட்டுடப் போகுது."

"கேக்கட்டுமே. அவர் போர்டுல எழுதறப்போ என்னல்லாம் பேசியிருக்கோம்! ஒரு தடவையாவது திரும்பினாரா? கல்லுளிமங்கன்!"

நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. மார்க் போடுவதும் இதே மாஸ்டர்தான். ஏற்கெனவே இரண்டு தடவை இந்த இறந்தகால வால்களில்தான் கவிழ்ந்திருக்கிறாள். இதுவும் போனால் தலைமை நர்ஸ் வேலை அவளுக்குப் பின்னால் சேர்ந்தவளுக்குப் போய்விடும். பதினோரு வருஷ நைட் டியூட்டி, எவளோ ஒருத்தியின் பேனா சாய்வதில் போவதா?

வகுப்பு முடிந்ததும் பயிற்சி மையத்தின் நிர்வாகிக்குப் பேர் சொல்லாமல் போன் செய்தாள்.

"மாஸ்டரைப் பத்தி ஒரு புகார் சார். நான் சொல்றதைவிட நீங்களே நேர்ல வந்து பாருங்க."

மறுநாள் நிர்வாகி வந்தார். வகுப்பின் பின்வாசலில் நின்றார். மாஸ்டர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"சார்."

சாக்பீஸ் நகர்ந்துகொண்டிருந்தது.

"சார்!"

வகுப்பு மொத்தமும் திரும்பிவிட்டது. மாஸ்டர் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார்.

மருந்துக்கடை அக்கா டஸ்டரை எடுக்கப் போகிறவள் போல எழுந்து போய் அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். நிர்வாகியைக் கண்டதும் அவர் பார்வை போய் நின்ற இடம், உதடு.

ஒரு தடவையாவது திரும்பினாரா?

நர்ஸ் அந்தப் பார்வையை அறிவாள். ஆஸ்பத்திரியில் காது போனவர்கள் இதே போலத்தான் அவள் வாயைப் பார்ப்பார்கள். அவர்களுக்காக அங்கே எத்தனை தடவை மாஸ்க்கை இறக்கியிருக்கிறாள்! நேற்று 'வாஷெட்' என்று தப்பாகத்தான் சொன்னோம் என்பதும் இப்போதுதான் உறைத்தது. அந்தப் பேனா பொய் சொல்லவில்லை.

"ரெண்டு தடவை கூப்பிட்டேன். காது கேக்கலையா சார்?"

மாஸ்டரின் விரலிலிருந்து சாக்பீஸ் நழுவியது.

"போர்டுகிட்ட போயிட்டா சாருக்கு உலகமே மறந்துடும்," என்று அக்கா சிரித்தாள். குனிந்து சாக்பீஸை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

நிர்வாகி சிரிக்கவில்லை. உச்சரிப்பு சொல்லித்தருகிறவருக்குக் காது கேட்காது என்று தெரிந்தால், அவர் வேலை இன்றோடு சரி.

"புகார்னு கூப்பிட்டது யாரு? என்ன புகார்?"

நர்ஸ் எழுந்தாள். தையல்காரி அவள் முந்தானையைப் பிடித்து, "விடாதே, சொல்லு," என்று முணுமுணுத்தாள்.

நர்ஸ் மாஸ்க்கைக் கழற்றினாள். நிர்வாகியைப் பார்க்கவில்லை. மாஸ்டரின் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாக, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னாள்:

"முதல் பெஞ்சுல அக்கா ஒருத்திதான் சார் உட்கார்றாங்க. எனக்கும் அங்க ஒரு இடம் வேணும்."