ஆறரை ஆம்பியர்

கெட்டிலுக்குள் முட்டைகள் முட்டிக்கொள்ளும் சத்தத்தை மறைக்க அவள் இருமினாள்.

மறுபடி இருமினாள்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் நின்றது. சரியாக அவர்கள் அறை வாசலில், அந்த அறையின் ஃபியூஸ் பெட்டி இருக்கும் இடத்தில்.

"ஆறரை ஆம்பியர்," என்றது வெளியே ஒரு குரல்.

ராஜகுமாரி மேடம். லேடீஸ் ஹாஸ்டல் வார்டன். அதற்கு முன்னால் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். ரிட்டையரானதும் தன் காசில் ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்கிக்கொண்டார். ஒயரைக் கவ்வினால் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அது சொல்லிவிடும்.

மற்ற வார்டன்கள் மோப்பம் பிடிப்பார்கள். இவர் அளப்பார்.

அறையில் எதையும் சமைக்கக் கூடாது. முதல் முறை எச்சரிக்கை. இரண்டாம் முறை பெட்டி படுக்கையோடு வெளியே.

அவளுக்கு இது இரண்டாம் முறை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெஸ் கிடையாது. வெளியே மழை வேறு.

ஸ்விட்சை அணைத்தாள். கெட்டிலோடு அறையை ஒரு சுற்று சுற்றினாள். ரூம்மேட் ரிஸ்வானா கட்டிலில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிஸ்வானாவின் போர்வையைத் தூக்கி, உள்ளே கெட்டிலை உட்கார வைத்து, மூடினாள்.

ரிஸ்வானாவுக்கு அந்த நொடியில் காய்ச்சல் வந்தது.

கதவு திறந்தது.

"நான் கதவைத் தொடுறதுக்குள்ள கரண்ட் இறங்கிடுச்சு. என்ன ஓடுச்சு, சுகிர்தா?"

"போன் சார்ஜர், மேடம்."

"இருநூத்தி முப்பது வோல்ட். ஆறரை ஆம்பியர். பெருக்கு."

அவளுக்கு மனக்கணக்கு வராது. பயத்தில் வந்தது.

"ஆயிரத்தி நானூத்தி தொண்ணூத்தஞ்சு."

"வாட். யூனிட்டை முழுங்காதே. அவ்வளவு பவர்ல சார்ஜ் ஏறுற போன்ல பேச முடியாதும்மா. அதுல ஏறி ஆபீஸுக்குப் போகலாம்."

போர்வையின் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பியது.

ரிஸ்வானா முனகினாள். அது நடிப்பு இல்லை.

மேடம் குனிந்து போர்வையைத் தொட்டார். "இப்படிக் கொதிக்குதே!"

"மத்தியானத்துலேர்ந்து, மேடம்."

டக், என்றது உள்ளே ஒரு முட்டை.

மேடம் நிமிர்ந்தார். போர்வையை விலக்கவில்லை.

"ஒரே ஒரு கேள்வி. சரியா சொன்னா நாளைக்குக் காலையில காலி பண்ணு. தப்பா சொன்னா இப்பவே. அந்தக் கெட்டிலோட ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு?"

அவள் மழையைப் பார்த்தாள். போனில் கணக்குப் போட்டாள். ஆறரையை இருநூற்று முப்பதால் வகுத்தாள்.

"பாயிண்ட் ஜீரோ டூ எய்ட்... ஓம்."

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஆவியைப் பார்த்தபோது வராத கோபம் இப்போது வந்தது.

"உனக்கு யாரும்மா பிசிக்ஸ் எடுத்தது?"

"பி.டி. சார், மேடம். பிசிக்ஸ் போஸ்ட் காலியா இருந்துச்சு."

"தலைகீழா வகுத்திருக்கே. வோல்ட்டேஜைத்தான் கரண்ட்டால வகுக்கணும். நீ சொல்ற ரெசிஸ்டன்ஸ் இருந்தா எட்டாயிரம் ஆம்பியர் ஓடும். இந்தத் தெருவே எரிஞ்சிருக்கும். எடு அதை. ப்ளக்கை மாட்டு."

"மேடம்?"

"கெட்டிலை ஆன் பண்ணுன்னு சொல்றேன்! வெளிய வந்து உன் கண்ணால பாரு."

மாட்டினாள். வராந்தாவுக்கு ஓடி வந்து மீட்டரைப் பார்த்தாள். ஆறரை. இந்த முறை சரியாக வகுத்தாள்.

"முப்பத்தஞ்சு ஓம், மேடம்."

"முப்பத்தஞ்சு புள்ளி நாலு. பரவாயில்ல."

பெட்டி கட்ட வேண்டியவளுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

வார்டனே கெட்டிலை ஆன் பண்ணச் சொன்னது வராந்தா முழுக்கக் கேட்டிருந்தது. மேடம் ஓர் அறையில் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார், இனி நம் பக்கம் வரமாட்டார் என்று மற்ற அறைகளுக்குப் புரிந்தது.

டப்.

விளக்கு போனது. ஃபேன் ஓய்ந்தது. மெயின் விழுந்துவிட்டது.

இருட்டில் மேடத்தின் குரல் நிதானமாக வந்தது.

"மெயின் முப்பத்திரெண்டு ஆம்பியர் தாங்கும். லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஆறு போச்சுன்னா?"

"இருபத்தாறு."

"ஒரு கெட்டிலுக்கு ஆறரை."

"நாலு கெட்டில் தாங்கும், மேடம்."

"தாங்கலையே?"

"அப்ப... அஞ்சு."

"அஞ்சு." மேடம் குரலை உயர்த்தினார். "உன்னோடது போக இன்னும் நாலு. கெட்டிலோட வெளிய வாங்கடி எல்லாரும். மொத்தமா காலி பண்ணலாம்."

கதவுகள் திறந்தன. போன் வெளிச்சத்தில் பேங்க் பரீட்சைக்குப் படிப்பவள் வந்தாள். நர்ஸ் ஒருத்தி வந்தாள். அக்காவும் தங்கையும் ஒரே கெட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

மூன்று. தன்னுடையதோடு நான்கு.

"மேடம், ஒண்ணு குறையுது," என்றாள் அவள்.

மழைக்காற்று வராந்தாவுக்குள் புகுந்தது. கோடியில் இருந்த அறைக் கதவு லேசாகத் திறந்து ஆடியது. அங்கிருந்து சுக்குக் காப்பி வாசனை வந்தது.

அது மேடத்தின் அறை.

எல்லோரும் முகர்ந்தார்கள்.

மேடம் மீட்டரை அணைத்தார்.

"லைட்டுக்கும் ஃபேனுக்கும் நான் கம்மியா போட்டுட்டேன். நாலுதான்."

அவளுக்கு இப்போது கணக்கு நன்றாகவே வந்தது. நான்கு தாங்கும்.

"ஆமா, மேடம். நாலுதான்."

மேடம் மெயின் ஸ்விட்சைத் தூக்கிவிட்டார். வெளிச்சம் வந்தது. அத்தனை பேரும் கெட்டிலைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள்.

"எல்லாரும் ஒரே நேரத்துல போடாதீங்க. ஒவ்வொருத்தரா போடுங்க," என்றார்.

கோடி அறையை நோக்கி வேகமாக நடந்தவர், பாதி வழியில் திரும்பினார்.

"இப்ப இல்ல. ஒரு பத்து நிமிஷம் கழிச்சு."